பில்லிங் கவுண்டரிலிருந்து மேனேஜர் நாற்காலி வரை: பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் பில்லிங் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தவள். பிறகு ஒரு பிரிவைப் பார்த்துக்கொண்டேன், அப்புறம் ஒரு கடையையே நடத்தினேன். இப்போது சூப்பர்வைசராகப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒன்றிரண்டு பெண்கள் பின்தங்கி நின்று மெதுவாகக் கேட்பார்கள். எந்தக் கடையிலிருந்து வந்தாலும் கேள்வி அதேதான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே சிலவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, மேனேஜர் மேனேஜர் என்கிறீர்களே, சூப்பர்வைசரும் அதில் சேர்த்திதானா?

நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். பொதுவாக வரிசை இப்படிப் போகும்: விற்பனையாளர் அல்லது கேஷியர், ஷிஃப்ட் சூப்பர்வைசர், பிரிவு மேனேஜர், துணை ஸ்டோர் மேனேஜர், ஸ்டோர் மேனேஜர், அதற்கு மேல் பல கடைகளைப் பார்க்கும் ஏரியா மேனேஜர். இது தவிர தலைமை அலுவலகம் இருக்கிறது. கொள்முதல், சரக்குத் திட்டமிடல், பணியாளர் துறை, கணக்கு எல்லாம் அங்கே.

பெயரை விட்டுவிட்டு, அந்தப் பதவியில் இருப்பவர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பாருங்கள். சூப்பர்வைசர் அன்றைய ஷிஃப்டுக்குப் பதில் சொல்பவர்: யார் வந்தார்கள், எத்தனை கவுண்டர் திறந்திருக்கிறது, கேஷ் சரியாக இருக்கிறதா. பிரிவு மேனேஜர் ஒரு பிரிவின் விற்பனைக்கும் ஸ்டாக்குக்கும் பதில் சொல்பவர். ஸ்டோர் மேனேஜர் முழுக் கடையின் லாப நட்டத்துக்கு. அப்படிப் பார்த்தால் சூப்பர்வைசர் என்பது வாசற்படி. நிறையப் பெண்கள் அந்தப் படியிலேயே பல வருடம் நின்றுவிடுகிறார்கள். எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

டிகிரி இல்லாமல் மேனேஜர் ஆக முடியுமா?

ஸ்டோர் மேனேஜர் வரைக்கும் பல நிறுவனங்களில் முடியும். கடைத் தளத்தில் நின்றவருக்கு மட்டுமே தெரியும் விஷயங்கள் ஏராளம் இருப்பதால், உள்ளேயிருந்தே ஆள் எடுக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் வலுவாக இருக்கிறது. ஏரியா மேனேஜர், தலைமை அலுவலகம் என்று போகும்போது சில இடங்களில் பட்டம் கேட்பார்கள். உங்கள் நிறுவனத்தில் அனுபவத்தை அதற்கு ஈடாக எடுத்துக்கொள்வார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள். ஐந்து வருடம் கழித்துத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

கடையில் எங்கே திரும்பினாலும் பெண்கள்தான். மேலே மட்டும் ஏன் ஆண்களாக இருக்கிறார்கள்?

ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், வட அமெரிக்காவின் பெரிய சில்லறை நிறுவனம் ஒன்றில் சுமார் 30,000 ஊழியர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆரம்பநிலை வேலைகளில் பெண்கள் 56 சதவீதம். பிரிவு மேனேஜர்களில் 48. ஸ்டோர் மேனேஜர்களில் 35. பல கடைகளைப் பார்க்கும் மாவட்ட மேனேஜர்களில் 14. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்கள் குறைகிறார்கள்.

எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து லீன்இன் அமைப்பும் மெக்கின்சி நிறுவனமும் அமெரிக்காவில் ஆண்டுதோறும் கணக்கெடுக்கின்றன. முதல் மேனேஜர் பதவிக்கு 100 ஆண்கள் உயர்த்தப்பட்டபோது, 2019-ல் 72 பெண்கள்தான் உயர்த்தப்பட்டார்கள். 2024-ல் 81. உச்சியில் பெண்கள் இல்லையே என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் கசிவு முதல் படியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. அங்கே நூறுக்கு இருபது பேர் குறைந்தால் மேலே வரிசையில் நிற்கவே ஆள் இருக்காது.

அப்ரைசலில் எனக்கு எப்போதும் நல்ல மார்க். ஆனால் பதவி என்று வந்தால் ‘இன்னும் தயாராகவில்லை’ என்கிறார்கள். என்ன குறை என்றே புரியவில்லை.

வேலையில் குறை இல்லாமலே இது நடக்கும். மேலே சொன்ன அதே ஆய்வு இதைத்தான் கண்டுபிடித்தது. அந்த நிறுவனத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மதிப்பெண்கள். ஒன்று, இந்த வருடம் வேலை எப்படி என்பது. இன்னொன்று, இவர் எவ்வளவு தூரம் வளர்வார் என்ற ஊகம். முதலாவதில் பெண்கள் ஆண்களைவிடச் சற்று அதிகமாகவே வாங்கினார்கள். இரண்டாவதில் குறைவாக வாங்கினார்கள். பதவி உயர்வில் இருந்த இடைவெளியில் பாதி வரை இந்த ஊக மதிப்பெண்ணால் வந்ததுதான். பிறகு நடந்ததையும் பார்த்தார்கள்: ஒரே அளவு ஊக மதிப்பெண் பெற்ற ஆண்களைவிடப் பெண்கள் அடுத்தடுத்து நன்றாகவே வேலை செய்தார்கள். அப்படியும் அடுத்த வருட ஊகம் மறுபடி தாழ்வாகவே போடப்பட்டது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னோடு வேலை செய்து, வெளியேறிப்போன பெண்களின் முகங்கள் வரிசையாக வந்தன.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ‘தயாராகவில்லை’ என்ற சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டு வராதீர்கள். “எதைச் செய்து காட்டினால் தயார் என்பீர்கள்? எந்த மாதத்துக்குள்?” என்று கேளுங்கள். ‘ஸ்டாக் கணக்கெடுப்பை நீங்களே தலைமை தாங்கி நடத்த வேண்டும்’ என்பது பதில். ‘இன்னும் கொஞ்சம் தன்னம்பிக்கை வேண்டும்’ என்பது பதில் இல்லை. நல்ல பதில் கிடைத்தால் அன்றே இரண்டு வரி மெயில் அனுப்பிவிடுங்கள்: “இன்று பேசியபடி, இன்ன மாதத்துக்குள் இதைச் செய்துவிட்டு மறுபடி சந்திக்கிறேன்.” இந்த மெயில் இருந்தால் அடுத்த பேச்சு ஊகத்தில் ஆரம்பிக்காது.

ஆள் போட்ட பிறகுதான் அந்த இடம் காலியாக இருந்ததே தெரிகிறது. இதற்கு என்ன செய்வது?

இது பழைய நோய். வால்மார்ட் மீது பெட்டி டியூக்ஸ் என்ற ஊழியரும் வேறு சிலரும் 2001-ல் ஒரு வழக்குப் போட்டார்கள். அது ஏறத்தாழ 15 லட்சம் பெண்கள் சார்பான வழக்காக வளர்ந்தது. மணிக்கூலி வேலைகளில் 70 சதவீதம் பெண்கள், நிர்வாகப் பதவிகளில் 33 சதவீதம் மட்டுமே என்பது அதில் வந்த கணக்கு. காலியிடங்கள் முறையாக அறிவிக்கப்படாமல், மேனேஜர் தனக்குப் பிடித்தவரின் தோளைத் தட்டி அழைக்கும் வழக்கம் இருந்தது என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தனை பெண்களையும் ஒரே வழக்கில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஒவ்வொரு கடையிலும் முடிவெடுத்தவர் வேறு வேறு, எல்லோரையும் இணைக்கும் பொதுவான கொள்கை காட்டப்படவில்லை என்பது காரணம். பாகுபாடு நடக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் ‘அந்தந்த மேனேஜர் விருப்பம்’ என்ற முறையை எதிர்த்து நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தத் தீர்ப்பைப் பார்த்தால் புரியும்.

காலியிடம் எங்கே அறிவிக்கப்படுகிறது என்று பணியாளர் துறையிடம் கேளுங்கள். அறிவிப்பதில்லை என்றால், உங்கள் விருப்பத்தைக் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரியப்படுத்துங்கள்: உங்கள் ஸ்டோர் மேனேஜர், அவருக்கு மேலே ஒருவர். ஒருவரிடம் மட்டும் சொல்லி வைத்தால், அவர் மாற்றலாகிப் போகும்போது உங்கள் பெயரும் கூடவே போய்விடும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆனது.

நானே போய்க் கேட்டால் பதவி ஆசை பிடித்தவள் என்று பேச மாட்டார்களா?

சிலர் பேசுவார்கள். மாட்டார்கள் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆண் கேட்டால் ஆர்வம், பெண் கேட்டால் பேராசை என்று பார்க்கும் மேலதிகாரிகளிடம் நானே வேலை செய்திருக்கிறேன். ஆனாலும் கேளுங்கள். கேட்காதவர்களை ‘அவருக்கு விருப்பமில்லை போல’ என்று ஒதுக்கிவிடுவது அதைவிட அதிகமாக நடக்கிறது. “எனக்கு அந்தப் பதவி வேண்டும்” என்பதோடு கடையின் தேவையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “அடுத்த சீசனுக்கு முன்னால் இந்தப் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர் தேவைப்படும். கடந்த மூன்று மாதம் நான் அதன் ரீஆர்டரைப் பார்த்திருக்கிறேன், சரக்குத் தட்டுப்பாடு குறைந்திருக்கிறது. முழுப் பொறுப்பை ஏற்க விரும்புகிறேன்.” இப்படிக் கேட்டால் பேச்சு உங்கள் குணத்தைப் பற்றிப் போகாமல் கடையைப் பற்றிப் போகும்.

எந்தப் பிரிவில் இருந்தால் சீக்கிரம் மேலே போகலாம்?

உங்கள் கடையில் இப்போதுள்ள மேனேஜர்கள் எந்தப் பிரிவிலிருந்து வந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விடை அதிலேயே இருக்கும். கலிபோர்னியாவில் லக்கி ஸ்டோர்ஸ் என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் மீதான வழக்கில் 1992-ல் வந்த தீர்ப்பு இதைப் பற்றியதுதான். பெண்களைப் பெரும்பாலும் பேக்கரி, சமைத்த உணவு, பொதுப் பொருள் பிரிவுகளில் போட்டார்கள். மேனேஜர் ஆகும் பாதை வேறு பிரிவுகள் வழியாகப் போனது. சேர்ந்த முதல் நாள் எங்கே நிறுத்தினார்கள் என்பதே பத்து வருடம் கழித்து எங்கே இருப்பார்கள் என்பதை முடிவு செய்தது. பாகுபாடு நடந்தது என்று நீதிமன்றம் சொன்னது.

பில்லிங் கவுண்டரில் இருப்பவர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். கேஷில் நேர்மையாகவும் வேகமாகவும் இருக்கும் பெண்ணை அங்கிருந்து நகர்த்த யாருக்கும் மனம் வராது. சரக்கு இறக்கும் இடம், குடோன், ஆர்டர் போடும் கணினி, இந்த மூன்றிலும் வாரம் ஒரு நாளாவது நிற்கக் கேட்டு வாங்குங்கள். “மூட்டை தூக்க வேண்டியிருக்குமே” என்று சொன்னால், தூக்குவதற்கு டிராலி இருக்கிறது, எனக்குக் கணக்கு தெரிய வேண்டும் என்று சொல்லுங்கள்.

எனக்குக் கணக்கு என்றாலே பயம். மேனேஜருக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?

கூட்டல், கழித்தல், சதவீதம் போதும். உண்மையாகவே போதும்.

நான்கு எண்களில் ஆரம்பியுங்கள். முதலாவது, வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள். ஒரு நாளில் 1,000 பேர் உள்ளே வந்து 300 பில் போட்டால் 30 சதவீதம். இரண்டாவது, சராசரி பில் மதிப்பு: மொத்த விற்பனையைப் பில் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், விற்பனை குறைந்ததற்குக் கூட்டம் வராததா காரணம், வந்தவர்கள் வாங்காததா, வாங்கியவர்கள் குறைவாக வாங்கியதா என்று பிரித்துச் சொல்லிவிடலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. ‘ஏன் சேல்ஸ் குறைந்தது’ என்ற கேள்விக்கு மற்றவர்கள் மழை, விடுமுறை என்று பேசிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் “கூட்டம் அதேதான், மாலை ஆறு மணிக்கு மேல் வாங்குபவர் குறைகிறார்கள், அப்போது தளத்தில் இரண்டு பேர்தான் இருக்கிறோம்” என்று சொல்லிப் பாருங்கள். அறையே உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

மூன்றாவது, ஷ்ரிங்கேஜ். கணினியில் 1,000 பொருள் காட்டுகிறது, எண்ணிப் பார்த்தால் 985. காணாமல் போன 15 பொருள் திருட்டாக இருக்கலாம். தவறாகப் பதிந்த வரவாகவும் இருக்கலாம், உடைந்ததை எழுதாமல் விட்டதாகவும் இருக்கலாம். ஆரம்பிக்கும்போது எல்லோரும் திருட்டையே சந்தேகப்படுவார்கள். நான் பார்த்த கடைகளில் வரவுப் பதிவில்தான் நிறையப் பிழை இருந்தது. நான்காவது, விற்பனையில் சம்பளச் செலவு எத்தனை சதவீதம். இது உங்களுக்குக் காட்டப்படாமல் இருக்கலாம். கேளுங்கள். மேனேஜர் இதை உங்களோடு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டால், உங்களை அடுத்த நிலைக்கு நினைக்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம்.

நேற்றுவரை கூட டீ குடித்தவர்கள். அதிலும் வயதில் மூத்த ஆண்கள். நான் சொன்னால் கேட்பார்களா?

முதல் மாதம் சோதித்துப் பார்ப்பார்கள். வழக்கமாக ரோஸ்டரில்தான் சோதனை வரும்: யாருக்கு ஞாயிறு விடுமுறை, யார் கடைசி ஷிஃப்ட். அங்கே நியாயமாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நெருங்கிய தோழிக்கு முதல் வாரமே நல்ல ஷிஃப்ட் போட்டுவிட்டால் அதை யாரும் மறக்க மாட்டார்கள். மூத்தவரிடம், அவருக்குத் தெரிந்ததை வெளிப்படையாகக் கேளுங்கள், முடிவை நீங்கள் எடுங்கள். யாராவது எல்லோர் முன்னாலும் மறுத்துப் பேசினால், அன்றே தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். ‘அண்ணன்’, ‘அங்கிள்’ என்று கூப்பிடும் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே உறுதியாக வேலை வாங்கலாம்.

மேனேஜர் என்றால் கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை. இது எனக்கு நடக்கிற காரியமா?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. இதற்குப் பதிலை முழுக்க உங்கள் தலையில் கட்டுவது அநியாயம். வேலையை அமைத்திருக்கும் விதத்தில்தான் சிக்கல். பெண்களின் உழைப்பைப் பற்றிய ஆய்வுக்காக 2023-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், எந்நேரமும் கூப்பிட்டால் வரக்கூடியவருக்கு அளவுக்கு மீறி சம்பளம் தரும் வேலைகளில்தான் பெண்கள் பின்தங்குகிறார்கள் என்று காட்டியிருக்கிறார். அதற்கு நேர்மாறான உதாரணமாக அவரும் லாரன்ஸ் கேட்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளரும் எடுத்துக்காட்டிய தொழில் எது தெரியுமா? மருந்துக்கடை. தனி முதலாளி கடைகள் போய்ச் சங்கிலிக் கடைகள் வந்தன, நோயாளியின் விவரமெல்லாம் கணினிக்கு வந்தது, ஒரு மருந்தாளுநர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர முடிந்தது. அதனால் குறைந்த நேரம் வேலை செய்பவருக்குச் சம்பளத்தில் விழும் அடி குறைந்தது.

மேனேஜர் வேலையிலும் இதில் கொஞ்சமாவது செய்ய முடியும். ஷிஃப்ட் ஒப்படைப்புக் குறிப்பை ஒழுங்காக எழுதும் கடையில், மேனேஜர் வீட்டுக்குப் போன பிறகு போன் அடிப்பது குறைகிறது. கடை அடைக்கும் பொறுப்பைச் சாவியோடு இரண்டு மூன்று பேர் பகிரலாம். ரோஸ்டரை இரண்டு வாரம் முன்பே ஒட்டலாம். கேப் (Gap) என்ற ஆடை நிறுவனத்தின் 28 கடைகளை எடுத்து, அவற்றில் ஒரு பகுதியில் மட்டும் வேலை நேரத்தை நிலையாக்கிப் பார்த்த சோதனையின் முடிவு 2018-ல் வெளிவந்தது. நேரம் நிலையான கடைகளில் விற்பனை 7 சதவீதம் அளவுக்குக் கூடியிருந்தது. பேசும்போது இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம்.

பிரசவ விடுப்புக்குப் போய் வந்தால் மறுபடி முதலிலிருந்தா?

அப்படி இருக்கக் கூடாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 183-ஆம் உடன்படிக்கை, 2000-ல் ஏற்கப்பட்டது, குறைந்தது 14 வார விடுப்பும், அதே பதவிக்கோ அதே சம்பளமுள்ள இணையான பதவிக்கோ திரும்பும் உரிமையும் தர வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் இதிலிருந்து வேறுபடலாம், பார்த்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் உங்கள் பதவி, பிரிவு, கடைசி ஆறு மாத எண்களை எழுதி மேனேஜருக்கும் பணியாளர் துறைக்கும் அனுப்பிவையுங்கள். ‘இணையான பதவி’ என்று வேறொன்றைக் காட்டினால், முதல் பதிலில் சொன்ன அளவுகோலை வைத்துப் பாருங்கள்: அது எதற்குப் பதில் சொல்லும் பதவி?

நஷ்டத்தில் ஓடுகிற கடையைக் கொடுக்கிறார்கள். முதல் வாய்ப்பே இதுதான். எடுக்கலாமா?

மிஷெல் ரயான், அலெக்ஸ் ஹஸ்லம் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-ல் இதற்குக் ‘கண்ணாடி விளிம்பு’ என்று பெயர் வைத்தார்கள். நிலைமை மோசமாக இருக்கும்போதுதான் தலைமைப் பதவி பெண்ணுக்கு வருகிறது, விழுந்தால் பழி அவர் மேல் விழுகிறது.

எடுக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். நானே அப்படி ஒரு கடையை எடுத்தவள். மூன்று விஷயங்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். கடந்த இரண்டு வருடக் கணக்கைப் பார்க்க வேண்டும்: வாடகை அதிகமாக இருப்பதால் நஷ்டமென்றால், நீங்கள் எவ்வளவு ஓடினாலும் அது தீராது. ஆள் எடுக்கவும் மாற்றவும் உங்களுக்கு அதிகாரம் இருக்க வேண்டும். எத்தனை மாதத்தில், எந்த எண் எவ்வளவு மாறினால் வெற்றி என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றுக்கும் மறுப்பு வந்தால் வேண்டாம் என்று சொல்வதில் கோழைத்தனம் ஒன்றுமில்லை.

பயிற்சித் துறைக்கு மேனேஜராகப் போகச் சொல்கிறார்கள். பதவிப் பெயர் பெரியது, நேரமும் வசதி. போகலாம்தானே?

வேலை பிடித்திருந்தால் போங்கள். நானும் இப்போது அங்கேதான் இருக்கிறேன், மனநிறைவான வேலை. ஆனால் பொதுவாக உச்சிக்குப் போகும் பாதை விற்பனை, கொள்முதல், கணக்கு வழியாகத்தான் போகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். பெஸ்ட் பை என்ற அமெரிக்க மின்னணுப் பொருள் கடை நிறுவனத்தின் முதல் பெண் தலைமை நிர்வாகி கோரி பேரி, 1999-ல் நிதிப் பகுப்பாய்வாளராகச் சேர்ந்து, கணக்குப் பக்கமும் செயல்பாட்டுப் பக்கமும் மாறி மாறி இருந்து 2019-ல் அந்த இடத்துக்கு வந்தார். போவதானால், எப்போது கடைக்குத் திரும்பலாம் என்று முதலிலேயே பேசி முடியுங்கள்.

புகார் கொடுத்தால் பதவி உயர்வு போய்விடும் என்று பயமாக இருக்கிறது. தவறாக நடந்தவர் ஒரு வாடிக்கையாளர். இதெல்லாம் சகஜம் என்கிறார்கள்.

சகஜம் இல்லை. 2019-ல் ஏற்கப்பட்ட சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை, பணியிடத் துன்புறுத்தலில் வெளியாட்களால் வருவதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வாடிக்கையாளரும் அதில் அடக்கம். தேதி, நேரம், கவுண்டர் எண், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றே எழுதுங்கள். கேமரா பதிவு சில நாளில் அழிந்துவிடும் என்பதால் அதைப் பாதுகாக்கும்படி உடனே எழுத்தில் கேளுங்கள். தவறு செய்தவர் உங்கள் மேலதிகாரியே என்றால், அவரைத் தாண்டிப் போகும் வழியைத் தெரிந்துகொண்டு, தனியாகப் போகாமல் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். புகாருக்குப் பிறகு ரோஸ்டர் திடீரென்று மோசமானால் அதையும் எழுதி வையுங்கள். பழிவாங்கலுக்கு அது சாட்சி.

மேனேஜர் ஆன பிறகு கையில் வருவது குறைந்த மாதிரி இருக்கிறது. என் கணக்குத் தப்பா?

தப்பாக இல்லாமலும் இருக்கலாம். மாதச் சம்பளத்துக்கு மாறியதும் ஓவர்டைம் பல இடங்களில் நின்றுவிடும், நேரம் மட்டும் கூடும். மாதம் 200 மணி நேரத்துக்கு வாங்கிய சம்பளம் 20 சதவீதம் உயர்ந்து, நேரம் 260 ஆனால், மணிக்கணக்கில் நீங்கள் முன்பைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறீர்கள். பதவியை ஏற்கும் முன்பே, இப்போது அதில் இருப்பவர் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார் என்று விசாரித்து வகுத்துப் பாருங்கள்.

சம்பளம் ‘சந்தை விலை’ என்று சொன்னால் அதோடு நின்றுவிட வேண்டாம். பிரிட்டனில் நெக்ஸ்ட் என்ற ஆடை நிறுவனத்தின் கடை ஊழியர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் வேலை கிடங்கு வேலைக்கு ஈடானது, அதனால் சம்பளமும் அதற்கு ஈடாக வேண்டும் என்று வழக்காடினார்கள். 3,500-க்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். 2024-ல் தொழில் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. சந்தை விலைதான் என்ற காரணத்தை அது ஏற்கவில்லை.

நான் கடை நடத்துகிறவன். பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன், அவர்களே வேண்டாம் என்கிறார்கள். நான் என்னதான் செய்ய முடியும்?

இதைக் கேட்கும் முதலாளிகள் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள், அதனால் மனம் திறந்து சொல்கிறேன். அவர்கள் எதை வேண்டாம் என்றார்கள் என்று கேட்டீர்களா? பொறுப்பையா, நேரத்தையா, இரவு தனியாகக் கடை பூட்டுவதையா, ஏற்கெனவே அந்தப் பதவியில் இருந்த பெண் பட்ட பாட்டையா? காலியிடத்தை எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டுங்கள். ‘வளர்வார்’ என்ற ஊக மதிப்பெண்ணுக்குப் பதிலாகச் செய்து காட்டிய வேலைகளைப் பட்டியலிடுங்கள். ரோஸ்டரையும் சாவியையும் மேலே சொன்னபடி பகிர்ந்து பாருங்கள்.

என் கடையில் ஒரு பெண் பிரிவு மேனேஜர் பதவியை இரண்டு முறை மறுத்தாள். மூன்றாவது முறை, பதவியைப் பற்றிப் பேசாமல், வீட்டுக்கு எப்படிப் போகிறாய் என்று கேட்டேன். கடைசி பஸ் இரவு ஒன்பதரைக்கு, கடை அடைப்பது பத்துக்கு. வாரத்தில் நான்கு நாள் அடைக்கும் பொறுப்பை வேறு இருவருக்கு மாற்றி, மீதி நாட்களில் கடை வண்டியில் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்தோம். மறுநாள் காலையே சம்மதம் சொன்னாள்.